கூட்டி வைத்த கொட்டகை

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல. அக்காவிடமிருந்து எடுத்தது. அவள் வயல்களில் எலி பிடிக்கிறாள். ஆராய்ச்சி நிலையத்தில் அதுதான் அவள் வேலை. கூண்டில் விழுந்த எலியிடம் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, காதில் எண் மாட்டி, பிடித்த இடத்திலேயே விட்டுவிடுவாள். "பிடிச்சத எதுக்குடி விடுற?" என்று அம்மா இன்னும் கேட்கிறாள்.

2

முதல் தொடக்கம்: 'அறுவடை முடிந்த வயலில் காற்று…' வேண்டாம். காற்று எனக்கு ஒத்துவராது.

இரண்டாவது: 'ஏழாம் எண் எலிக்குத் தன் உடம்பில் என்ன ஓடுகிறது என்று…' எலிக்குள் புகுந்து எழுத எனக்கு வயதாகிவிட்டது.

மூன்றாவது, நடந்தது. தானியக் கொட்டகை வைத்திருக்கும் விவசாயி ஒருவர், அக்கா வரும் நாளெல்லாம் அதைக் கூட்டிப் பெருக்கி வைப்பார். விருந்தாளிக்குச் செய்யும் மரியாதை. ஐந்து மாதம் பெருக்கினார். பிறகு சோதனை முடிவு வந்தது. அங்கே பிடித்த இருபத்தாறு எலிகளில் ஒன்பதுக்கு ஹாண்டா வைரஸ்.

(அடிக்குறிப்பாகப் போயிருக்க வேண்டியது: எலிக்கு அதனால் ஒன்றும் ஆவதில்லை. அதன் புழுக்கையும் மூத்திரமும் காய்ந்து தூசியாகும். அதை மூச்சில் இழுக்கும் மனிதனுக்குத்தான் ஆகும், சில சமயம் உயிரே போகும். அந்த இடத்தை மருந்து தெளித்து நனைத்துத்தான் துடைக்க வேண்டும். விளக்குமாற்றைத் தொடவே கூடாது. அந்த வட்டாரத்தில் இந்த வைரஸ் இல்லை என்று நிலையத்தில் எல்லோரும் நம்பினார்கள். இல்லை என்று எழுதி முடிக்கத்தான் அக்காவை அனுப்பினார்கள்.)

3

விவசாயியின்மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. இவ்வளவு நல்லவரை யார் நம்புவார்கள்? கொஞ்சம் சிடுசிடுப்பு சேர்த்தேன். அக்கா படித்துவிட்டு அதைக் கோடு போட்டு அடித்தாள்.

"அவர் அப்படி இல்லடா. அப்புறம், முதல் நாள் நான் சொன்னத ஏன் எடுத்துட்ட?"

"கதைக்குத் தேவைப்படலக்கா."

"பொய் சொல்லாத. எனக்காக எடுத்திருக்க. திரும்பப் போடு."

போடுகிறேன். முதல் நாள் கொட்டகையைப் பார்த்ததும் அக்கா அவரிடம் சொன்னது: "இடம் கொஞ்சம் சுத்தமா இருந்தா எனக்கு வேலை சுலபமா இருக்கும்."

மேலே மரியாதை என்று எழுதியதை வாசகர் திருத்திக்கொள்ளவும். அக்கா சொன்னதைத்தான் அவர் செய்தார்.

4

முடிவு வந்த அன்றே அக்கா நேரில் போய் எல்லாவற்றையும் சொன்னாள், அந்த வாக்கியம் உட்பட. "வேணும்னேவா சொன்னீங்க, விடுங்க டாக்டரம்மா" என்றாராம். அவள் டாக்டர் இல்லை. கடைசியாகப் பெருக்கிய நாளிலிருந்து எட்டு வாரம்வரை நோய் வருகிறதா என்று பார்க்க வேண்டும். தினமும் காலையில் போன் செய்கிறாள். காய்ச்சல் உண்டா, தொடை வலி, இடுப்பு வலி உண்டா? இல்லை, இல்லை, இல்லை.

இன்று முப்பத்தொன்றாம் நாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன்; போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.

"காய்ச்சலா தெரியல. தொடைதான் கொஞ்சம் வலிக்குது. நேத்து மூட்டை தூக்கினேன், அதான்."

"எத்தனை மூட்டை?"

"ரெண்டு."

"வழக்கமா எத்தனை தூக்குவீங்க?"



"நாப்பது."

5

அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக அக்கா வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். சாப்பிடவில்லை.

என்னிடம் இரண்டு முடிவுகள் தயாராக இருந்தன. ஒன்றில் அவர் பிழைத்துக்கொள்கிறார்; சப்பென்று இருக்கிறது. மற்றதுதான் கதைக்குப் பொருத்தம். போன வாரமே எழுதிவிட்டேன், நன்றாகவும் வந்திருந்தது. இப்போது கிழித்துப் போட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது.

முடிவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். சப்பென்று இருந்தால் போதும்.