தண்ணீர் முறை

சர் ஆம்ப்ரோஸின் சவப்பெட்டியைத் தூக்கிய எட்டுக் குடியானவர்களும் நடக்கிறார்களா நிற்கிறார்களா என்றே தெரியவில்லை. டப்ளின் சட்டசபையில் முப்பது வருஷம் தொண்டை கிழியக் கத்தியவர் கனமாகத்தான் இருப்பார் என்று, குதிரையில் வந்த மகன் பார்னபி நினைத்திருக்கலாம். நடந்து வந்த மகள் லெட்டிஸுக்குக் காரணம் தெரியும்.

ஆற்றுப் பக்கத்து மேட்டில் இன்னொரு பெட்டி வந்துகொண்டிருந்தது. அதில் இருப்பது ஊனா, லெட்டிஸுக்குப் பால் கொடுத்து வளர்த்தவள். பிரபுவானாலும் பிச்சைக்காரனானாலும் ஊருக்குப் பழைய மடத்துக் கல்லறை ஒன்றுதான். ஒரே நாளில் இரண்டு பேர் வந்தால், பிந்தி உள்ளே போகிறவர் அடுத்த சாவு விழும்வரை அங்கே கிடக்கிற அத்தனை பேருக்கும் தண்ணீர் சுமக்க வேண்டும் என்பது ஊர் நம்பிக்கை. இதை லெட்டிஸுக்குச் சொன்னதே ஊனாதான்.

ஊனா சுமந்ததெல்லாம் போதாதா? ஊர்க் கிணற்றைத் தன் தோட்டத்துக்குள் இழுத்து மதில் எழுப்பினாரே அப்பா என்கிற இந்தப் புண்ணியவான், அன்றிலிருந்து எழுபது வயதுக் கிழவி ஒரு மைல் நடந்து ஆற்றுக்குப் போனாள். போன வாரம் அந்தச் சரிவில் வாளியோடு விழுந்தவள் எழுந்திருக்கவில்லை. மதில் எழும்பியபோது லெட்டிஸ் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறக்கவில்லை. அந்த வெட்கம் இன்னும் நெஞ்சை அறுத்தது.

பார்னபிக்குப் பொறுமை போய்விட்டது. சோம்பேறி நாய்களா என்று ஆரம்பித்தவன், வேகமாக நடக்காதவன் நாளைக்கே குடிசையைக் காலி பண்ணலாம் என்று சாட்டையை ஓங்கினான். கால்கள் வேகம் பிடித்தன. கல்லறை வாசலுக்கு இன்னும் நாற்பது அடிதான். ஊனாவைத் தூக்கியவர்கள் நான்கு கிழவர்கள். மேட்டிலேயே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

“பெட்டிய எறக்குங்க,” என்றாள் லெட்டிஸ். “என் செருப்பு வார் அவுந்துபோச்சு.”

“பைத்தியமாடி உனக்கு? அப்பாவ நடுரோட்டுல வைக்கிறதா?” என்றான் பார்னபி.

“அவருக்கென்ன அவசரம்? இனிமே எந்தச் சபைக்குப் போகணும்?”

முன்னால் சுமந்த டைக் அவளை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு தோளை இறக்கினான்.

“நல்லா இறுக்கிக் கட்டுங்க, சின்னம்மா. நாங்க நிக்கிறோம்.”

அவள் சேற்றில் மண்டியிட்டாள். நன்றாக இருந்த வாரை அவிழ்த்துக் கட்டினாள். பிறகு அடுத்த கால் வாரையும் அவிழ்த்தாள். பார்னபி கத்திக்கொண்டே இருந்தான். ஊனாவின் பெட்டி அவளைக் கடந்து உள்ளே போனது.

ஞாயிற்றுக்கிழமை லெட்டிஸ் தனியாக வந்தபோது அப்பாவின் கல்லறைத் தலைமாட்டில் ஒரு மரவாளி இருந்தது. கைப்பிடியில் கந்தல் சுற்றிய, ஊனாவின் வாளி. யார் வைத்தார்களோ.

லெட்டிஸ் குனிந்து அதை எடுத்தாள். அவருடைய வலது கைக்கு எட்டுகிற மாதிரி நகர்த்தி வைத்தாள்.