சிறுவாய் பாஸ்

நீர்த்தேக்கத்தை ஒட்டிய மீன்துறைக் குடியிருப்பில் அவளுக்கு ‘மீன் டீச்சர்’ என்று பெயர். பாடம் நடத்தியதெல்லாம் இல்லை. வாயைத் திறந்தால் மீன் கதைதான், அதனால் ஒட்டிக்கொண்ட பெயர். “பாஸ்னா ஒரே மீன் இல்லீங்க. கடல்ல இருக்கிற பாஸ் வேற குடும்பம், நம்ம தண்ணியில இருக்கிறது சூரியமீன் குடும்பம். பேரு மட்டும்தான் ஒண்ணு” என்று தபால்காரரைக்கூட நிறுத்தி வைத்துச் சொல்வாள். அவர் தலையாட்டிக்கொண்டே சைக்கிளை நகர்த்திவிடுவார்.

வயது ஐம்பத்து நான்கு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. துணை என்று இருந்தவர் படகோட்டி அண்ணன் ஒருவர்தான். பதினெட்டு வருஷம் அவர் துடுப்புப் போட, துறையின் கணக்கெடுப்புக்காக அவள் மீனை அளந்து எழுதினாள். முழங்கால் வலி தாங்காமல் மூன்று மாதம் முன்பு அவர் ஓய்வு வாங்கிக்கொண்டார். வேறு ஆள் போடவில்லை. இப்போது துடுப்பும் அவளே, அளவுகோலும் அவளே.

அன்று காலை காற்று படகை இழுத்துப்போய், ஓடை வந்து சேரும் பாறை மூலையில் நிறுத்தியது. வந்தது வந்தோம் என்று வலையை வீசினாள். பாஸ் ஒன்று மாட்டியது. பழக்கதோஷத்தில், இங்கே எப்போதும் கிடைக்கிற ‘பெருவாய்’ வகை என்று எழுதப் போனவள், மீனின் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள்.

பெருவாய்க்கு மேல்தாடை கண்ணைத் தாண்டிப் போகும். இதற்குக் கண்ணுக்கு நேர் கீழேயே முடிந்துவிட்டது. விலாவில் நீளவாக்கில் ஓடும் கறுப்புப் பட்டை இல்லை. வெண்கல நிற உடம்பில் மேலிருந்து கீழாகக் கோடுகள். முதுகுத் துடுப்பின் முள் பகுதியும் மென்பகுதியும் பிரியாமல் சேர்ந்தே இருந்தன. சந்தேகமே இல்லை, சிறுவாய். குளிர்ந்த, கல் நிறைந்த, ஓடுகிற தண்ணீரில் வாழ்கிற மீன். சேறும் பாசியுமான இந்த நீர்த்தேக்கத்தில் அது கிடையவே கிடையாது என்று வருஷா வருஷம் அறிக்கை எழுதியவள் அவள்தான்.

அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. ஆறு வருஷம் முன்பு, இதே மூலையில் அண்ணன் ஒரு மீனைத் தூக்கிக் காட்டியிருந்தார்.

“டீச்சர், இதுக்கு வாய் சின்னதா இருக்கே, பாருங்க.”

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “படிச்சது நீங்களாண்ணே, நானா?”

அவர் மீனை மெல்லத் தண்ணீரில் விட்டார். அதற்குப் பிறகு ‘போலாமா’, ‘சரி’ தவிர அவரிடமிருந்து ஒரு வார்த்தை வந்ததில்லை. வயதாகிறது, பேச்சுக் குறைந்துவிட்டது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

கரை சேர்ந்ததும் போன் போட்டாள்.

“அண்ணே, ஓடை முகத்துல சிறுவாய் கிடைச்சிருக்கு. அன்னிக்கு நீங்க சொன்னதுதான் சரி. நான் பார்க்காமலே பேசிட்டேன்.”

அவர் டிவி சத்தத்தைக் குறைத்தார். பிறகு, “ஒண்ணு இல்ல டீச்சர், அங்க ஒரு கூட்டமே இருக்கு. வருஷா வருஷம் பார்ப்பேன்” என்றார்.

“ஏண்ணே சொல்லல?”

“நீங்க கேக்கலையே.”

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது.

“ஒருநாள் வீட்டுக்கு வரட்டுமாண்ணே?”

“எதுக்கு உங்களுக்கு வீண் சிரமம்? உடம்பைப் பார்த்துக்குங்க.” வைத்துவிட்டார்.

அந்த வருஷ அறிக்கையில், சிறுவாய் பாஸை முதலில் கண்டவர் என்று அவர் பெயரை எழுதினாள். மேலதிகாரி மறுப்புச் சொல்லியும் விடாமல் நின்று அச்சேற்றினாள். அந்தப் பக்கத்தில் அடையாளம் வைத்துத் தபாலில் ஒரு பிரதி அனுப்பினாள்.

பல வாரம் கழித்து ஒரு அஞ்சலட்டை வந்தது. ‘கிடைத்தது’ என்று ஒரே சொல், அடியில் கையொப்பம். குண்டு குண்டான, குழந்தை எழுத்து. அண்ணனின் எழுத்து இப்படி இருக்கும் என்று பதினெட்டு வருஷத்தில் அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.