அழுமூஞ்சி

வாஷிங் மெஷினின் அடிப்பக்கத்தில் ஒரு சின்ன மூடி இருக்கும். அதைத் திருகுவதற்கு முன்னால் உள்ளே தேங்கிய தண்ணீரை வடித்துவிட வேண்டும். பத்தொன்பது வருஷமாக மெக்கானிக்காக இருக்கிற எனக்கு அது தெரியாதா? அன்றைக்கு ஏதோ அவசரம், மறந்து திருகிவிட்டேன். சோப்பும் அழுக்குமாகத் தண்ணீர் நேராகக் கண்ணில் பீய்ச்சி அடித்தது. அப்போது நான் அழுத அழுகையைப் பச்சைப்பிள்ளைகூட அழாது. வாரன்டிக்கு ஆதாரம் வேண்டும் என்று அந்த வீட்டுக்காரம்மா வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். நான் முகம் துடைத்து முடிப்பதற்குள் யாருக்கோ அனுப்பியும்விட்டார், மகராசி.

மூன்றே வாரத்தில் உலகம் பூரா போன்களில் மீமாக என் மூஞ்சிதான். பரீட்சையில் கோட்டைவிட்டவன், மேட்சில் தோற்ற டீமின் ரசிகன், பஸ்ஸைத் தவறவிட்டவள் எல்லாருக்கும் பதிலாக நான் அழுதேன். என் தாடைக்குக் கீழே எந்தெந்த பாஷையிலோ எழுதியிருந்தார்கள். வீடியோவை நீக்கச் சொல்லி அந்த ஆப் கம்பெனிகளோடு ஒரு நாள் முழுக்க மல்லுக்கட்டினேன். 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று பதில் வந்தது. பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

அம்மா மட்டும்தான் அதைப் பார்த்துச் சிரிக்கவில்லை. "கண்ணு ரொம்ப எரிஞ்சுதாடா?" என்று கேட்டாள்.

வெளிநாட்டில் இருக்கிற தங்கச்சியின் பிள்ளைகள் இரண்டும் அதுவரை என்னிடம் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசியதில்லை. அவர்கள் பள்ளிக்கூடத்தில் ஏழெட்டு நாட்டுப் பிள்ளைகள் படிக்கிறார்களாம், அத்தனை பேர் வீட்டு போனிலும் நான் இருக்கிறேனாம். திடீரென்று எனக்கு மவுசு கூடிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் "மாமா, அழு மாமா!" என்பார்கள். நானும் வாயைக் கோணி அழுது காட்டுவேன். முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு, பொய் எதற்கு, பிடித்துப்போனது. அந்தப் புத்திதான் என்னைக் கெடுத்தது.

அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, "சாதாரண காய்ச்சல்தான், பயப்படாத" என்று தங்கச்சியிடம் சொல்லியிருந்தேன். மறுநாள் காலை பத்தரை மணிக்கு டாக்டர் வெளியே வந்து, எல்லாம் முடிந்துவிட்டது என்றார்.

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து தங்கச்சியைக் கூப்பிட்டேன். திரையில் அவள் முகத்தைப் பார்த்ததும் உடைந்துவிட்டேன்.

"ஆரம்பிச்சுட்டியா அண்ணா!" என்று சிரித்தாள். "பசங்களா, ஓடி வாங்க, மாமா அழறாரு!"

பிள்ளைகள் ஓடி வந்தன. கூடவே தமிழ் தெரியாத ஒரு சிநேகிதியும். அந்தக் குழந்தைக்கும் என்னைத் தெரிந்திருந்தது, குதித்தாள்.

"இல்லம்மா... நான் சொல்றத கேளு..."

"இன்னைக்குச் சூப்பர் மாமா!"

நான் அழ அழ அவர்கள் சிரித்தார்கள். எதிர் பெஞ்சில் இருந்தவர் என்னையும் தன் போனையும் மாறி மாறிப் பார்த்தார். போனைத் துண்டித்தேன்.

பாத்ரூமுக்குப் போய் முகத்தை அலம்பினேன். என் அம்மா செத்ததைச் சொல்ல நான் அழாமல் ஒத்திகை பார்க்க வேண்டியிருந்தது. பெஞ்சுக்கு வந்து மறுபடி கூப்பிட்டு, செய்தி வாசிக்கிற மாதிரி சொன்னேன்.

"அம்மா போயிட்டாங்க. இப்பதான். இது விளையாட்டு இல்ல."

அவள் சிரிப்பு இறங்கக் கொஞ்ச நேரம் ஆனது. "சத்தியமா?"

"சத்தியமா."

அவள் முகம் உடைந்தது. வாய் ஒரு பக்கமாகக் கோணியது. கீழுதடு பிதுங்கித் துடித்தது, இடது கண் மட்டும் இறுக மூடிக்கொண்டது. ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் இல்லையா, அச்சு அசல் அதே அழுகை.

பின்னாலிருந்து பிள்ளைகள் கைதட்டின. "அம்மாவும் மாமா மாதிரியே பண்றாங்க!"

அதட்டலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். வார்டு கதவுக்கு அந்தப் பக்கம் என்னைப் பெற்றவள் போர்த்திக் கிடக்கிறாள். தங்கச்சி நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுகிறாள். அந்த முகத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எவ்வளவு கடித்தும் உதடு நிற்கவில்லை, அவள் அதைப் பார்த்துவிட்டாள்.