வால்ட்ஸுக்கு முன் கழற்றிய கண்ணாடி

அன்று பிறந்தநாள் விழா மண்டபத்தில் இருந்தவர்கள்: பதினைந்து வயது நிறைந்த நொஹேமி, அவள் தகப்பன் அபுந்தியோ, தாய் தெல்ஃபினா, பெரியப்பா எவரிஸ்தோ, மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் ஞானத்தாய் கிராசியேலா, ரொட்டிக்கடை ருத்திலியோ, மற்றபடி பொசோலே சூப்புக்காக வந்த பாதி ஊர்.

தட்டைச் செருப்போடு நடந்து வரும் மகளுக்குத் தகப்பன் குதிகால் செருப்பு மாட்டிவிட்டு, முதல் வால்ட்ஸ் நடனத்துக்கு அழைத்துப் போவதுதான் முறை. அதற்குச் சற்று முன் எவரிஸ்தோ அவள் கண்ணாடியைக் கழற்றித் தன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

"லொசோயா குடும்பத்துல யாருக்கும் கண்ணுல குறை கிடையாது. இருந்தாலும் ஊர் பாக்க வேண்டாம்."

அவள் கெஞ்சிப் பார்த்தாள். பலிக்கவில்லை.

இசை தொடங்கியது. ஆண்கள் எல்லோரும் கறுப்புக் கோட்டில் வரிசையாக நின்றார்கள். நொஹேமி சிரித்தபடி நடந்துவந்து, சில அடி தள்ளி நின்று, ருத்திலியோவைப் பார்த்து "அப்பா" என்று கை நீட்டினாள். செருப்பை ஏந்தியபடி அவனுக்குப் பக்கத்தில் நின்ற அபுந்தியோவின் முகம் வெளுத்தது.

ருத்திலியோ ஒரு காலத்தில் தெல்ஃபினாவைப் பெண் கேட்டவன். ஊருக்கு அது போதாதா?

"ரத்தம் தானா இழுக்குது பாருங்க," என்றாள் ஒருத்தி, கொழுப்பு வழியும் உதட்டைத் துடைக்காமலே. சிரிப்பு மேசைக்கு மேசை தாவியது. தின்ற வாயாலேயே துப்பும் அந்தக் கூட்டத்தைப் பார்க்க எவரிஸ்தோவுக்கு அருவருப்பாக இருந்தது.

கிராசியேலா அவரிடம் வந்து நின்றாள். "எவரிஸ்தோ ஐயா, கண்ணாடியக் குடுங்க. நல்ல கண்ணுல வெளிச்சம் முன்பக்கமே வளைஞ்சு, உள்ள இருக்குற வில்லையில இன்னும் கொஞ்சம் வளைஞ்சு, பின்பக்கத் திரையில சரியாப் போய் விழும். கிட்டப் பார்க்க வில்லை தடிக்கும், எட்டப் பார்க்க மெலியும். இவ கண்ணு கொஞ்சம் நீளம். வெளிச்சம் திரைக்கு முன்னாடியே கூடிடுது. தள்ளி நின்னா எல்லார் மூஞ்சியும் இவளுக்கு மாவு உருண்டைதான். இதுல என்ன அசிங்கம்?"

இப்போது எவரிஸ்தோவின் அருவருப்பு கூட்டத்தின் மேல் இல்லை. தன் மேலேயே இருந்தது. இசையை நிறுத்தச் சொன்னார். எல்லோரும் பார்க்க, கண்ணாடியை நொஹேமியின் மூக்கில் தன் கையாலேயே மாட்டினார்.

"இதைப் பிடுங்கினவன் நான்தான். குறையை மறைச்சா மானம் நிக்கும்னு நெனச்சேன், மறைச்சதாலதான் போச்சு. கண்ணாடி போடுறது அவமானம் இல்ல. தேவைப்படுற பிள்ளைகிட்டேருந்து அதைக் கழட்டுறதுதான் அவமானம்."

நொஹேமி தகப்பனைத் தேடிப் போனாள். அபுந்தியோ மண்டியிட்டுச் செருப்பை மாட்டினான்.

அவள் ருத்திலியோவின் மகள் என்று ஊரில் சிலர் இன்றும் சொல்லித் திரிகிறார்கள். இல்லை. அவள் அபுந்தியோவின் மகள். அன்று அவனை அழைத்தபோது கண்ணாடி அவள் முகத்தில் இல்லை, அவ்வளவுதான்.