சம்மதம் ஆகாத சொல்

அந்த அகராதி அலுவலகத்தில் ஒரு கறாரான வழக்கம் உண்டு. ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் பொருள் எழுதினால் இரண்டு பேர் ஒத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் தலையாட்டாவிட்டாலும் அந்தச் சொல் மேஜையிலேயே கிடக்கும். மற்றதெல்லாம் அச்சுக்குப் போயாயிற்று. இப்போது கிடப்பது ஒன்றே ஒன்று, வெஹிமென்ட் (vehement).

கிடக்க வைத்திருப்பவள் அந்த இருவரில் ஒருத்தியான அவள்தான். அலுவலகத்தில் அவளுக்கு 'முட்டுக்கட்டை' என்று பட்டப்பெயர். இன்னொருவரான எதிர் நாற்காலிக்காரர் மனைவியை இழந்தவர். இந்தச் சொல் முடிந்தால் அவருக்கு இங்கே வேலை இல்லை, தூரத்தில் இருக்கும் மகள் வீட்டோடு போய்விடுவார். போகக் கூடாது என்று அவள் மனம் கிடந்து அடித்துக்கொண்டது. அதைச் சொல்லத்தான் துணிச்சல் இல்லை. ஆட்சேபம் சொல்வதென்றால் மட்டும் வாய் நீளம்.

"கடுமையான?" என்றார் அவர்.

"அது வெயிலுக்கும் கணக்கு வாத்தியாருக்கும் போதும் சார்."

"ஆவேசமான?"

"மைக்கைப் புடிச்சுக்கிட்டு கத்துறவங்களுக்குச் சரி. அந்தக் காலத்துல காய்ச்சலுக்கும் வலிக்கும்கூட இந்தச் சொல்லைத்தான் போட்டிருக்காங்க. காய்ச்சல் ஆவேசப்படுமா?"

அவர் சிரித்துக்கொண்டே கண்ணாடியைத் துடைத்தார். "வேர் லத்தீன் மேடம். 'மென்ஸ்'னா மனசு. முன்னாடி இருக்கற பாதிக்குத்தான் சண்டை. மனசையே தூக்கிட்டுப் போறதுன்னு சிலர், மனசே இல்லாததுன்னு சிலர். இன்னும் முடிவு தெரியல."

"தெரியாமலே இருக்கட்டுமே!" வாய் தவறி வந்துவிட்டது.

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் சட்டென்று பார்வையைத் திருப்பினாள். அப்போதுதான் அவருடைய பை கண்ணில் பட்டது. தாள் பறக்காமலிருக்க அவர் வழக்கமாக மேலே வைக்கும் கண்ணாடிக் குண்டு, செய்தித்தாளில் சுற்றி, அதற்குள் இருந்தது. கிளம்பத் தயாராகிவிட்டார்.

"மனசுக்கு அடங்காத" என்றார் அவர் மெதுவாக.

காய்ச்சல், வலி, எதிர்ப்பு என்று ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தாள். பாழாய்ப்போன சொல், எல்லாவற்றுக்கும் கச்சிதமாக உட்கார்ந்தது. வேறு எதற்கு வேண்டுமானாலும் பொய் சொல்லுவாள். சரியான சொல்லைத் தப்பென்று சொல்ல மட்டும் அவளுக்கு வராது.

"சம்மதம்" என்றாள்.

அவர் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார். அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு அதை மூடிவிட்டு, பையிலிருந்து கண்ணாடிக் குண்டை எடுத்து, சுற்றியிருந்த தாளைப் பிரித்து, அந்தச் சொல்லின் மேலேயே வைத்தார்.

"எனக்குச் சம்மதமில்ல."

"நீங்க சொன்ன சொல்தானே சார்?"

"அதுக்கென்ன மேடம்? நாளைக்கு வாங்க, சண்டை போடுவோம்."