எழுபத்தொன்பதிலேயே நின்றுபோன எடை

மாதங்கி எடை குறைக்க ஆரம்பித்தது தனக்காக அல்ல. அவளுடைய கணவர் சௌந்தரராஜனுக்கு இரண்டு சிறுநீரகங்களும் கொஞ்சம் கொஞ்சமாகக் கைவிட்டுக்கொண்டிருந்தன. பல வருஷமாக அலட்சியப்படுத்திய ரத்த அழுத்தத்தின் வேலை அது. தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்துவிடுகிறேன் என்று மாதங்கி முன்வந்தாள். செகந்திராபாத் மருத்துவமனையில் எடுத்த பரிசோதனைகள் ஒவ்வொன்றாகச் சரியாக வந்தன. ரத்தம் பொருந்தியது, சர்க்கரை இல்லை, இதயத்தில் குறை இல்லை. எடை மட்டும் தொண்ணூற்றிரண்டு கிலோ.

இந்த எடையோடு அறுவை சிகிச்சை செய்தால் ஆபத்து அவளுக்குத்தான் என்று சர்ஜன் சொல்லிவிட்டார். பிறகு ஒற்றைச் சிறுநீரகத்தோடு காலம் முழுக்க வாழவேண்டியவளும் அவள்தான். எழுபத்து நான்குக்குக் கீழே வந்தால் தேதி குறிக்கலாம், அதுவரை சௌந்தரராஜனை மருந்திலும் பத்தியத்திலும் ஓட்டிப் பார்க்கலாம் என்றார்.

மாதங்கி ஏ.எஸ்.ராவ் நகரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். சௌந்தரராஜன் அங்கே இருந்த மத்திய அரசு எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் இன்ஜினீயர். ராணிப்பேட்டையிலிருந்து வந்து இருபத்தைந்து வருஷம் ஆகியிருந்தது. ஒரே மகள் தேஜஸ்வினி கல்லூரியில் படித்தாள். வீட்டில் தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்வாள்.

முதல் பதிமூன்று கிலோ சுலபமாகவே போயிற்று. மாலையில் டீயோடு சாப்பிட்ட உஸ்மானியா பிஸ்கெட்டும் சமோசாவும் நின்றன. ஸ்டாஃப் ரூமில் யாராவது பிறந்தநாள் கேக் நீட்டினால் ஹைதராபாத் பேச்சில் "நக்கோ", வேண்டாம் என்று சிரித்துக்கொண்டே தள்ளிவிடுவாள். காலனி பூங்காவில் காலை நடை. சுடிதார்களைத் தையற்காரரிடம் கொடுத்துப் பிடிக்கவைத்தாள். எட்டு மாதத்தில் எழுபத்தொன்பதுக்கு வந்துவிட்டாள்.

அங்கேயே நின்றுபோனது.

ஒரு மாதம் பார்த்தாள். இரவுச் சாப்பாட்டை விட்டாள். அசையவில்லை. மாலையிலும் நடந்தாள். முழங்கால் வலிதான் மிச்சம். மூன்றாவது மாதமும் போனபோது தராசில் ஏறுவதற்கே பயமாக இருந்தது. வகுப்பில் கரும்பலகைப் பக்கம் திரும்பி நிற்கும்போது தலை சுற்றியது. தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. இதற்கிடையில் சௌந்தரராஜனின் ரத்தப் பரிசோதனை முடிவுகள் மோசமாகிக்கொண்டே வந்தன. டயாலிசிஸ் ஊசி ஏற்ற அவர் கையில் ரத்தக்குழாயைத் தயார் செய்து வைக்கலாமா என்று டாக்டர் கேட்டார். திரும்பி வரும் வழியெல்லாம் அவள் பஸ் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். தன் உடம்புதான் அவரைக் கொல்லப் பார்க்கிறது என்று தோன்றியது.

அடுத்த தடவை மருத்துவமனைக்குப் போனபோது, புதிதாகச் சேர்ந்திருந்த உணவு ஆலோசகரைப் பார்க்கச் சொன்னார்கள். பெயர் ஃபாத்திமா, ஆம்பூர்ப் பெண். மாதங்கியின் தமிழைக் கேட்டதும் மேடம் என்பதை விட்டுவிட்டு அக்கா என்றாள். காலையிலிருந்து இரவு வரை என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டாள். மாதங்கி சொல்லச் சொல்ல அவள் முகம் சுருங்கியது. காலையில் இரண்டு ஸ்பூன் ஜவ்வரிசி உப்புமா. மதியம் ஒரு கரண்டிச் சாதம், நறுக்கித் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்த சுரைக்காய். சாயங்காலம் இரண்டு மெல்லிய பிஸ்கெட்.

"பருப்பு?"

"எப்பவாவது."

"முட்டை, தயிர், சுண்டல்?"

மாதங்கி இல்லை என்று தலையாட்டினாள்.

"அக்கா, இது உங்க வீட்டுக்காரரோட சாப்பாடு ஆச்சே. இதை நீங்க ஏன் சாப்பிடறீங்க?"

சௌந்தரராஜனுக்குப் பருப்பு, பயறு, முட்டை எல்லாவற்றையும் டாக்டர் வெகுவாகக் குறைத்திருந்தார். பருப்பு உருண்டைக் குழம்பு என்றால் உயிரை விடுகிற மனிதர். அவர் எதிரே உட்கார்ந்து அதைச் சாப்பிட அவளுக்கு மனம் வரவில்லை. அவருக்குச் செய்வதையே தானும் கொஞ்சமாகப் போட்டுக்கொண்டாள். மகள் பெரும்பாலும் காலேஜ் கேன்டீனிலேயே சாப்பிட்டுவிடுவாள். அதனால் அந்த வீட்டில் பருப்பு வேகிற வாசனையே ஒரு வருஷமாக அபூர்வமாகிவிட்டது.

ஃபாத்திமா பொறுமையாக விளக்கினாள். எடை குறைந்த உடம்புக்குச் செலவும் குறைந்துவிடும், ஓரிடத்தில் நிற்பது எல்லோருக்கும் வருவதுதான். ஆனால் மாதங்கிக்குக் கொழுப்போடு சேர்ந்து தசையும் கரைந்திருக்கிறது. தசை போகப் போக உடம்பு இன்னும் சிக்கனமாகிவிடும். பசியும் களைப்பும் இருப்பதால் நடக்கிற நேரம் போக மற்ற நேரமெல்லாம் அவளை அறியாமலே உட்கார்ந்துவிடுகிறாள். இன்னும் குறைத்துச் சாப்பிடுவது வழியில்லை. மூன்று வேளையும் சாப்பிட வேண்டும், ஒவ்வொரு வேளையிலும் பருப்போ முட்டையோ தயிரோ இருக்க வேண்டும், சாதத்தைக் கணக்காக வைத்துக்கொள்ளலாம். மாலை நடையை விட்டுவிட்டு, ரப்பர் பட்டையை இழுத்தும் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தும் தசைக்கு வேலை கொடுக்க வேண்டும்.

"முதல்ல கொஞ்சம் ஏறினாலும் ஏறும், பயந்துடாதீங்க" என்றாள் ஃபாத்திமா.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் மாதங்கி எதையும் மாற்றவில்லை. மூன்றாம் நாள் காலையில், சௌந்தரராஜன் குளிக்கப் போயிருந்தபோது, ஒரு முட்டையை வேகவைத்து அடுப்படியில் நின்றபடியே அவசரமாக விழுங்கினாள். அவர் ஈரத்தலையோடு வந்து நின்றதை அவள் கவனிக்கவில்லை.

"ஏன் திருடி மாதிரி நின்னுக்கிட்டு சாப்பிடறே?" என்றார்.

அவள் ஃபாத்திமா சொன்னதையெல்லாம் சொன்னாள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதே. உனக்கு எடை நின்னுபோச்சுன்னு தெரிஞ்சப்போ எனக்கு நிம்மதியாத்தான் இருந்தது."

மாதங்கி கையிலிருந்த தட்டை வைத்தாள்.

"உன் உடம்புல கத்தி வைக்கவிட்டு நான் பிழைக்கணுமான்னு இருந்தது. உனக்கு ஏதாவது ஆச்சுன்னா தேஜுவுக்கு யார் இருக்கா? அதான் நின்னது நின்னபடியே இருக்கட்டும்னு விட்டுட்டேன். நீ அரைவயிறா சாப்பிடறது கண்ணுக்குத் தெரிஞ்சுது. தெரிஞ்சும் ஒண்ணும் கேக்கலை."

அவளுக்குக் கோபம் வந்தது. தான் பட்டினி கிடந்த மாதங்களில் அவர் உள்ளூர நிம்மதியாக இருந்தார் என்பது நெஞ்சைக் குத்தியது. அன்று பள்ளிக்கூடத்தில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் மதியத்துக்குள் கோபம் தணிந்து வேறொன்று புரிந்தது. அவர் பயந்திருக்கிறார். இவளும் பயந்திருக்கிறாள். இருவரும் ஒரே மேஜையில் ஒரே சுரைக்காயைச் சாப்பிட்டுக்கொண்டு, பயத்தை மட்டும் தனித்தனியாக வைத்துக்கொண்டிருந்தார்கள்.

மாலையில் அவரிடம் சொன்னாள்.

"என் உடம்பு, என் முடிவு. எல்லா டெஸ்ட்டும் எடுத்துட்டுத்தான் சரின்னு சொல்லியிருக்காங்க. எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனா நீங்க டயாலிசிஸ்ல படுக்கறதைப் பாத்துக்கிட்டு இருக்கறது அதைவிட பயம்."

அவர், "அப்படின்னா என் எதிர்லயே உக்காந்து சாப்பிடு. ஒளிஞ்சு சாப்பிடறதைத்தான் என்னால பாக்க முடியலை" என்றார்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் இரண்டு சமையல். முதல் நாள் கெட்டிப் பருப்பைப் பிசைந்தபோது மாதங்கியின் கை தயங்கியது. தேஜஸ்வினிதான் "தினு அம்மா" என்று தெலுங்கில் சாப்பிடச் சொல்லித் தட்டை அவள் பக்கம் நகர்த்தினாள். சௌந்தரராஜன் தன் சாதத்தைச் சாப்பிட்டபடியே தொழிற்சாலைக் கதை எதையோ சொல்ல ஆரம்பித்தார். பாதிக் கதையில் மாதங்கி தட்டைக் காலி செய்திருந்தாள்.

ஃபாத்திமா சொன்னபடியே முதல் வாரம் அரை கிலோ ஏறியது. மாதங்கி ஃபோன் செய்து அழாத குறையாகச் சொன்னாள். தராசை மகளிடம் கொடுத்துவிட்டு மாதம் ஒரு தரம் மட்டும் பாருங்கள் என்றாள் ஃபாத்திமா. தேஜஸ்வினி அதைத் தன் அலமாரியில் வைத்துப் பூட்டினாள். ரப்பர் பட்டையின் ஒரு முனையை அவள் பிடித்துக்கொள்ள, மறுமுனையை மாதங்கி இழுத்தாள். தலைச்சுற்றல் நின்றது. மூன்றாம் மாடி வகுப்புக்கு நடுவில் நிற்காமல் ஏற முடிந்தது. இரவில் தூக்கம் பிடித்தது. புடவைக் கொசுவத்துக்கு ஒரு மடிப்பு கூடுதலாக வந்தபோது, ஏதோ நடக்கிறது என்று தெரிந்துகொண்டாள்.

மாதக் கடைசியில் தேஜஸ்வினி தராசை எடுத்து வந்து கூடத்தில் வைத்தாள். எழுபத்தேழரை. மாதங்கி இறங்கி மறுபடி ஏறினாள். அதேதான். சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சௌந்தரராஜன் பயந்துபோய் ஓடிவந்தார்.

"ஒண்ணுமில்லை. இறங்கிடுச்சு" என்றாள். அவரும் மெதுவாக அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அடுத்த மாதங்களில் இறக்கம் மெதுவாகவே இருந்தது, ஆனால் நிற்கவில்லை. டயாலிசிஸ் தொடங்க வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தபோது அவள் எழுபத்து மூன்றரையில் சர்ஜன் முன்னால் நின்றாள். அவர் அறிக்கைகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, உறுப்பு தானத்துக்கு ஒப்புதல் தரும் அனுமதிக் குழுவைப் பார்க்கச் சொன்னார். குழுவில் இருந்தவர்கள் அவளைத் தனியாக உட்காரவைத்து, யாராவது வற்புறுத்தினார்களா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றுதான் வீட்டுக்காரர் வற்புறுத்தினார் என்றாள். அவர்கள் சிரித்துவிட்டார்கள்.

அறுவை சிகிச்சை முடிந்து அவள் கண்விழித்தபோது விலாப்பக்கம் கனமாக வலித்தது. தேஜஸ்வினி குனிந்து, அப்பாவுக்கு வைத்த சிறுநீரகம் ஆபரேஷன் மேஜையிலேயே வேலை செய்ய ஆரம்பித்துவிட்டதாம் என்று காதருகே சொன்னாள். அதை அவள் தமிழில் சொன்னாள்.

சில நாள் கழித்து, ஒரு நர்ஸின் தோளைப் பிடித்துக்கொண்டு மாதங்கி அவர் அறைவரை நடந்துபோனாள். அவருக்குத் தொற்று வந்துவிடும் என்று உள்ளே போக விடவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சௌந்தரராஜன் தலையணையில் சாய்ந்திருந்தார். முகத்தில் இருந்த பழுப்பு வெளிறல் போயிருந்தது. அவளைப் பார்த்ததும் கையைத் தூக்கி, வலிக்கிறதா என்று ஜாடை காட்டினார். கொஞ்சம் என்று இரண்டு விரல்களைச் சேர்த்துக் காட்டினாள். அவர் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

மாதங்கி தன் படுக்கைக்குத் திரும்பினாள். பிற்பகல் வெயில் திரைச்சீலையில் விழுந்திருந்தது. போர்வையை இழுத்துக்கொண்டவள், எதையும் யோசிக்காமல் சாயங்காலம் வரை தூங்கினாள்.