இரண்டு வெள்ளிக் கைகள்

வடகரப்பதியில் எங்கள் மரப் பட்டறையில் இருக்கும் அறுப்பு மெசினுக்கு ஒரு மூடி உண்டு. பிளேடின் தலைமேல் மாட்டுகிற, கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக் மூடி. விரல் பிளேடிடம் போகாமல் தடுப்பதற்கென்றே கம்பெனிக்காரன் கொடுத்தது. என் வீட்டுக்காரர் பிரதீப் அதில் ஆணிகளைக் கொட்டி வைத்தார், பெயிண்ட் கலக்கினார், ஒரு மழைக்காலம் முழுக்க ஓடு ஒழுகும் இடத்தில் வைத்துத் தண்ணீர் பிடித்தார். மாட்ட மட்டும் மாட்டவில்லை. கேட்டால், மூடி இருந்தால் அறுக்கிற கோடு தெரியவில்லையாம்.

போன வருசம் ஆடியில் அவர் தம்பி சந்துரு ஒரு குறுகலான ரீப்பர் கட்டையைப் பிளேடுப் பக்கம் வெறுங்கையால் தள்ளினான். வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின. மூடியும், கைக்குப் பதிலாகக் கட்டையைத் தள்ளக் கொடுத்திருந்த தள்ளுகுச்சியும் அப்போது பெஞ்சுக்கு அடியில் கிடந்தன. அவன் ஆஸ்பத்திரியில் இருந்து வந்ததும் வீட்டார் என்ன செய்தார்கள்? வெள்ளித் தகட்டில் ஒரு கை வாங்கி மாரியம்மன் உண்டியலில் போட்டார்கள். கண்டம் கழிந்தது என்றார்கள். மூடியை மாட்டுங்கள் என்று நான் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை.

சண்டை போட்டுச் சண்டை போட்டு இந்த வருசம்தான் மாட்ட வைத்தேன். அதற்குள் ஆயுத பூசை வந்துவிட்டது. பிளேடுக்குச் சந்தனம் குங்குமம் வைக்க வேண்டுமே, கழற்றிவிட்டார். கழற்றியதைக் கழுவி, பொட்டு வைத்து, மல்லாத்திப் போட்டு, அதில் பொரி கடலையைக் கொட்டிச் சாமிக்குப் படைத்தார். பூசையில் வைத்ததை விஜயதசமி விடியும்வரை தொடக் கூடாது என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

விடிந்தது. குளித்துவிட்டு வந்து, முதல் அறுப்புக்கு ஒரு சின்னப் பலகையை எடுத்துக்கொண்டு மெசின் முன்னால் நின்றார்.

“ஏனுங்க, மூடிய மாட்டிப்போட்டு அறுங்க.”

“அதுல பொரி கெடக்குதல்ல. எல்லாத்துக்கும் குடுத்து முடியட்டும். ஒரே ஒரு அறுப்பு, சாஸ்திரத்துக்கு.”

“சந்துருத் தம்பியும் ஒரே ஒரு அறுப்புன்னுதானுங்க சொல்லுச்சு.”

“நல்ல நாளும் அதுவுமா ஏம்புள்ள இப்படிப் பேசற? சாமி கும்பிட்ட மெசினு. ஒன்னும் பண்ணாது.”

நான் உள்ளே போய் ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து வந்தேன். பூசை என்று கழற்றினால் திரும்ப மாட்டமாட்டார் என்று தெரிந்துதான், போன வாரம் பொள்ளாச்சி போனபோது கோயில் கடையில் வாங்கி வைத்திருந்தேன். பிரித்து, பிளேடுக்குப் பக்கத்தில் வைத்தேன். வெள்ளித் தகட்டில் இரண்டு கைகள்.

“என்ன இது?”

“வலதா எடதான்னு கடைக்காரரு கேட்டாருங்க. எது போகும்னு எனக்கு எப்படித் தெரியும்? ரெண்டையும் வாங்கிட்டேன். போனதுக்கப்பறம் கடைக்கு அலைய வேண்டாம் பாருங்க.”

அவர் முகம் செத்துப்போயிற்று. சுவிட்சில் வைத்திருந்த கையை எடுத்தார். ஆனால் மூடிப் பக்கம் திரும்பவில்லை. பெண்டாட்டி சொல்லிக் கேட்டதாக ஆகிவிடுமே. நானும் நகரவில்லை.

வாசலில் நின்ற சந்துரு உள்ளே வந்தான். பொரியைத் தன் துண்டில் கொட்டினான். மூடியை எடுத்துப் பிளேடின் மேல் வைத்து, இடது கையால் தாங்கிக்கொண்டு, வலது கையால் நட்டைத் திருகப் பார்த்தான். சின்ன நட்டு. அதைப் பிடிக்க வேண்டிய விரல்கள் அவனுக்கு இல்லை. கட்டைவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் இடுக்கினான். நழுவி விழுந்தது. குனிந்து எடுத்து மறுபடி வைத்தான். மறுபடி விழுந்தது.

“இருங்கண்ணா, மாட்டிருவேன்” என்றான்.

பிரதீப் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். அடிபட்ட நாளிலிருந்து அவர் அதை நேராகப் பார்த்து நான் கண்டதில்லை. நட்டு இன்னொரு தடவை விழுந்து, உருண்டு, அவர் காலடிக்கு வந்தது. குனிந்து எடுத்தார்.

“உடு. நான் மாட்டறேன்.”

நட்டை இறுகத் திருகினார். நான் வெள்ளிக் கைகளை எடுத்து, சுவிட்சுக்கு மேலே இருந்த ஆணியில் மாட்டினேன். அவற்றின் கீழே கையை நீட்டி அவர் சுவிட்சைப் போட்டார்.